தாத்தா ஜெயிலுக்குப் போனவரா? பேரைத் தேடாதீர்கள், வழக்கைத் தேடுங்கள்

“எங்க தாத்தா காந்தி காலத்துல ஜெயிலுக்குப் போனவர்” என்று பெருமையாகச் சொல்லும் வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். எந்த வருஷம், எந்த ஜெயில், என்ன வழக்கு என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். விவரம் தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது சுவரில் ஒரு போட்டோ, சில வீடுகளில் 1972இல் மத்திய அரசு கொடுத்த தாமிரப் பட்டயம். ஆனால் தாத்தாவைப் பிடித்து உள்ளே வைத்த அரசாங்கம் அதையெல்லாம் எழுதி வைத்தது. ஒரு ஆளைக் கைது செய்தால் போலீஸ், மாஜிஸ்திரேட் கோர்ட், ஜெயில், கலெக்டர் ஆபீஸ் என்று நாலு இடத்திலாவது காகிதம் விழும். அதில் எத்தனையோ செல்லரித்துப் போனது, எத்தனையோ எரிக்கப்பட்டது, ஆனாலும் மிச்சம் நிறைய இருக்கிறது, அது எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்பது என்பதுதான் இந்தப் பதிவு.

எல்லோரும் முதலில் செய்வது தாத்தா பேரை வைத்துத் தேடுவது. அது வேலைக்கு ஆகாது. அன்றைய ஃபைல்களில் பேர்வாரி அட்டவணை பெரும்பாலும் தலைவர்களுக்குத்தான். ராமசாமிகளும் சுப்பிரமணியன்களும் ஜில்லாவுக்கு நூறு பேர். போதாததற்கு ஆங்கிலத்தில் அந்தப் பேரை எழுதிய குமாஸ்தா ஒரு பக்கத்தில் ஒரு மாதிரி, அடுத்த பக்கத்தில் இன்னொரு மாதிரி எழுதியிருப்பார். அதனால் பேரை ஓரமாக வைத்துவிட்டு மூன்று விஷயம் பிடியுங்கள்: வருஷம், ஊர், சட்டப்பிரிவு. இந்த மூன்றும் கையில் இருந்தால் தாத்தா தானாக வந்து சேருவார்.

வருஷம் எப்படிக் கிடைக்கும்? யாருக்கும் நினைவில்லை என்றாலும் தாத்தா என்ன செய்தார் என்ற கதை வீட்டில் இருக்கும், அந்தக் கதைக்குள்ளேயே வருஷம் இருக்கிறது. உப்புக் காய்ச்சினார் என்றால் 1930. அந்நியத் துணிக் கடை மறியல் என்றால் 1930 முதல் 1932க்குள் பாருங்கள். கள்ளுக்கடை மறியலுக்கு இரண்டு வாய்ப்பு உண்டு, 1921–22 ஒத்துழையாமை நேரம் அல்லது 1930–32 சட்டமறுப்பு நேரம், தாத்தாவின் வயசை வைத்து ஒன்றைக் கழித்துவிடலாம். “யுத்தத்துக்கு ஆளும் கொடுக்காதே, பணமும் கொடுக்காதே” என்று தெருவில் நின்று கத்தினார், உடனே பிடித்துக்கொண்டு போனார்கள் என்றால் அது தனிநபர் சத்தியாகிரகம், 1940 அக்டோபரில் தொடங்கி 1941 கடைசி வரை. தந்திக் கம்பியை அறுத்தார், தண்டவாளத்தைப் பெயர்த்தார், தபாலாபீஸுக்குத் தீ வைத்தார், மாசக்கணக்கில் தலைமறைவாகத் திரிந்தார் என்றால் சந்தேகமே வேண்டாம், 1942 ஆகஸ்ட்டும் அதற்கு அடுத்த மாதங்களும். இன்னொரு துப்பும் உண்டு. 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் வந்ததும் அகிம்சை வழியில் சிறை போனவர்களைத் திறந்துவிட்டார்கள். “ஒரு வருஷம் போட்டாங்க, பாதியிலேயே விட்டுட்டாங்க” என்று பாட்டி சொல்லியிருந்தால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

சட்டப்பிரிவும் இதிலிருந்தே ஊகிக்கலாம். ராஜத்துரோகம் என்றால் இந்தியத் தண்டனைச் சட்டம் 124ஏ. அது பேச்சாளர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் போட்டது, 1908இல் வ.உ.சி. மேல் பாய்ந்த அதே பிரிவு. சாதாரணத் தொண்டர் மேல் அதைப் போடுவது குறைவு. அவர்களுக்கு 1930களில் உப்புச் சட்டம், சட்டவிரோதக் கூட்டம் என்று 143, தடையுத்தரவு மீறல், 1908ஆம் வருஷத்துக் குற்றவியல் சட்டத்திருத்தத்தின் 17ஆம் பிரிவு, இப்படித்தான் வரும். உலகப்போர் வந்தபிறகு எல்லாமே இந்தியப் பாதுகாப்பு விதிகள்: பேசினால் 38, விசாரணையில்லாமல் அடைத்துவைத்தால் 26 அல்லது 129. இந்த எண்களைக் குறித்துக்கொண்டு போனால் ஃபைலின் முதல் பக்கத்தைப் பார்த்தவுடனே நம் ஆளுக்குச் சம்பந்தம் உண்டா இல்லையா என்று புரிந்துவிடும்.

அப்புறம் ஊர். இங்கேதான் பலபேர் தவறான அலுவலகத்து வாசலில் போய் நிற்கிறார்கள். இன்றைய மாவட்டத்தை மறந்துவிடுங்கள், அன்றைக்கு அந்த ஊரை யார் ஆண்டார்கள் என்று பாருங்கள். திருப்பூரும் ஈரோடும் கோயம்புத்தூர் ஜில்லா. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. தூத்துக்குடியும் தென்காசியும் திருநெல்வேலி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் சேலம். 1932 ஜனவரியில் திருப்பூரில் குமரன் அடிபட்டுச் செத்த சம்பவத்தைத் தேடுகிறவர் கோயம்புத்தூர் ஜில்லாவைத்தான் புரட்ட வேண்டும். பழைய ஆங்கிலப் பேர்களும் தெரிந்திருக்க வேண்டும். திருநெல்வேலிக்கு டின்னெவெலி, திருச்சிக்கு ட்ரிச்சினோபொலி, தஞ்சாவூருக்கு டாஞ்சோர், தூத்துக்குடிக்கு டூட்டிகோரின், மயிலாடுதுறைக்கு மாயவரம், காஞ்சிபுரத்துக்கு காஞ்சீவரம். தேடல் பெட்டியில் இன்றைய பேரை அடித்தால் ஒன்றும் வராது, பழைய பேரை ஆங்கில எழுத்தில் அடித்தால் கொட்டும்.

நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கத்துக்காரர்களுக்குச் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அனேகமாக ஒன்றும் இருக்காது. அது 1956 நவம்பர் 1 வரை வேறு ராஜ்யம், ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தைத்தான் கேட்க வேண்டும். புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தொண்டைமான் சமஸ்தானம், அதற்கென்று தர்பார் ஆவணங்கள் தனியாக உண்டு. புதுச்சேரி, காரைக்காலில் போராட்டமே பிரெஞ்சுக்காரனோடு. இந்தியா விடுதலை அடைந்து ஏழு வருஷம் கழித்து, 1954இல் கீழூரில் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டு 170 பேர் இந்தியாவோடு சேர்வதென்று முடிவு சொன்னார்கள். அந்த ஊர்த் தியாகிகளைத் தேடுகிறவர்களுக்குப் பிரெஞ்சு தெரிந்த ஒரு நண்பர் அவசியம். புதுச்சேரியில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது, மற்றபடி பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் காகிதங்களில் கணிசமானதைக் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

சரி, மற்ற எல்லோருக்கும் எழும்பூர். ரயில் நிலையத்தில் இறங்கினால் நடை தூரத்தில் சிவப்புச் செங்கல் கட்டடம், 1909இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸாக இங்கே வந்தது, இன்றைக்குத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இருக்கும் தெருவுக்குப் பேர் காந்தி–இர்வின் சாலை! எத்தனையோ தாத்தாக்களை வெளியே விட்ட ஒப்பந்தத்தின் பேரில் ஒரு தெரு, அதே தெருவில் அவர்களை உள்ளே தள்ளிய உத்தரவுகள்.

போகும்போது அடையாள அட்டையும், யாரைப் பற்றி, எந்த வருஷங்களில், எதற்காகத் தேடுகிறோம் என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதமும் எடுத்துப் போங்கள். கல்லூரியில் படிப்பவரென்றால் துறைத் தலைவர் கடிதம் இருப்பது நல்லது. அனுமதி விதிகள் அவ்வப்போது மாறும், முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து ஒரே நாளில் போய்விட்டுத் திரும்பலாம் என்று கிளம்பாதீர்கள். சீட்டு எழுதிக் கொடுத்தால், உள்ளே போய்த் தேடி, ஃபைல் கட்டை எடுத்து வரவே நேரம் பிடிக்கும், சிலது “கட்டில் இல்லை” என்று திரும்பி வரும்.

அங்கே எல்லாம் ஜி.ஓ., அதாவது அரசாணைக் கணக்கு. ஒரு அரசாணையைக் கேட்க எண், தேதி, எந்தத் துறை என்ற மூன்றும் வேண்டும், ஒன்று குறைந்தாலும் கிடைக்காது. துறையில்தான் குழப்பம் வரும். அரசியல் விவகாரம் என்றால் பெரும்பாலும் பப்ளிக் டிபார்ட்மென்ட். ஜெயில், கைதிகள் சங்கதி ஒரு காலத்தில் ஜுடிஷியல், 1920, 30களில் லா (ஜெனரல்), பிறகு ஹோம். இந்த எண்களைக் கண்டுபிடிக்க வருஷத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று என்று அச்சடித்த அட்டவணைகள் இருக்கின்றன, அகர வரிசையில், ஆங்கிலத்தில். அதில் தாத்தா பேரை எதிர்பார்க்காமல் விஷயத் தலைப்பைப் பாருங்கள். சட்டமறுப்பு, அரசியல் கைதிகள், ஜில்லாவின் பேர், ஊரின் பேர், துப்பாக்கிச் சூடு, கூட்டு அபராதம் என்று ஒவ்வொரு தலைப்பாக விரலை ஓட்ட வேண்டும். பொறுமைதான், வேறு வழியில்லை.

கூட்டு அபராதத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், 1942இல் கலவரம் நடந்த ஊர்கள் மேல் மொத்தமாகத் தண்டம் போட்டார்கள், அதற்கென்று அவசரச் சட்டமே போட்டார்கள். அந்த ஃபைல்களில் அந்த ஊரில் என்ன நடந்தது என்று போலீஸ் எழுதிய கதை, “நாங்கள் ஏழைகள், எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று ஊர்க்காரர்கள் போட்ட மனு எல்லாம் சேர்ந்து கிடக்கும். கைதானவரைத் தேடிப் போன இடத்தில் ஊரே கிடைப்பது இப்படித்தான்.

இன்னொரு தொகுப்பையும் கேட்டுப் பாருங்கள், ‘அண்டர் செக்ரட்டரி’யின் இரகசியப் பெட்டக ஃபைல்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வது. மற்ற குமாஸ்தாக்கள் கண்ணில் படக்கூடாது என்று பூட்டி வைத்திருந்த சங்கதி, சி.ஐ.டி. அறிக்கைகள், யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள், யார் பேச்சைக் கேட்டுக் கூட்டம் கொதித்தது என்பதெல்லாம் அதில். வாரவாரம் தமிழ், தெலுங்கு பத்திரிகைகளைப் படித்து அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் சுருக்கிக் கொடுத்த சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளும் இங்கே இருக்கின்றன. மூலப் பத்திரிகை அழிந்துபோய் இந்தச் சுருக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் இடங்கள் உண்டு. அடக்க நினைத்தவன் பாதுகாத்துக் கொடுத்திருக்கிறான், என்ன செய்வது!

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டால் தெளிவாகும். “தாத்தா வேதாரண்யத்துக்குப் போனவர்” என்று ஒரு வீட்டில் சொல்கிறார்கள் என்று வையுங்கள். ராஜாஜி 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு கிளம்பி 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார், 30ஆம் தேதி உப்பெடுத்துக் கைதானார். அந்த நூறு பேரில் தாத்தா பேர் இல்லை என்றதும் குடும்பத்தில் முகம் வாடிவிடும். அவசரப்பட வேண்டாம். தலைவர் கைதான பிறகும் அங்கே உப்பெடுப்பது நிற்கவில்லை, தொண்டர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அதோடு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், நடந்து போகிறவர்களுக்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று அறிவித்திருந்தார். தாத்தா நடந்தவராக இல்லாமல் வழியில் சோறு போட்டவராக இருக்கலாம், அது அன்றைக்கு லேசான காரியம் இல்லை. ஆகவே இந்த வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டியது ஏப்ரல் மாசத்து நூறு பேர் பட்டியலோடு முடிவதில்லை. 1930 ஏப்ரல் முதல் வருஷக் கடைசி வரை தஞ்சாவூர், திருச்சி இரண்டு ஜில்லாவின் சட்டமறுப்பு ஃபைல்கள், கலெக்டர் அனுப்பிய அறிக்கைகள், அவற்றோடு இணைத்திருக்கும் தண்டனைப் பட்டியல்கள். அந்த இணைப்புகளில்தான் சாதாரண ஆட்களின் பேர், தகப்பன் பேர், சாதி, ஊர் எல்லாம் வரிசையாக வரும். தகப்பன் பேர் தெரியாமல் போகாதீர்கள், ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் அதுதான் காப்பாற்றும்.

டெல்லிக்குப் போகாமலே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் என்ற இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் ஸ்கேன் செய்த ஃபைல்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஹோம் டிபார்ட்மென்ட், பொலிட்டிகல் பிரிவுதான் நமக்கு. மாதத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு மாகாணமும் டெல்லிக்கு அனுப்பிய நிலவர அறிக்கைகள் அதில் உண்டு. சென்னை மாகாணத்து அறிக்கையில் தாத்தா பேர் வராது, ஆனால் அவர் கைதான அந்தப் பதினைந்து நாளில் ஜில்லாவில் என்ன நடந்தது என்று வரும். எழும்பூர் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போனால் பாதி வேலை மிச்சம்.

தனிநபர் சத்தியாகிரகக்காரர்களுக்கு ஒரு வசதி. அதில் போகிறவர்களைக் காங்கிரஸே பட்டியல் போட்டுத் தேர்ந்தெடுத்தது, அவர்களும் இந்தத் தேதியில் இந்த இடத்தில் சத்தியாகிரகம் செய்யப்போகிறேன் என்று மாஜிஸ்திரேட்டுக்கு முன்கூட்டியே எழுதிப்போட்டார்கள். அதாவது எதிரி பக்கத்தில் மட்டுமின்றி நம் பக்கத்திலும் காகிதம் உண்டு. அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியின் காகிதங்கள் டெல்லி தீன்மூர்த்தி நூலகத்தில் இருக்கின்றன.

ஜெயில் சான்று இன்னொரு கதை. கைதிப் பதிவேட்டைப் பார்த்துச் சிறைக் கண்காணிப்பாளர் கொடுப்பது அது, பேர், தண்டனை, உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி என்று கறாராக இருக்கும். வேலூர், கடலூர், திருச்சி, கோயம்புத்தூர், மதுரை, பாளையங்கோட்டை என்றால் தமிழ்நாடு சிறைத்துறைக்கு எழுதலாம். பெண் கைதி என்றால் முதலில் வேலூரைப் பாருங்கள். ஆனால் அன்றைய மாகாணம் பெரிசு. நம்மூர்க்காரர்களைப் பல்லாரிக்குப் பக்கத்து அலிப்புரம் சிறைக்கும், கண்ணூருக்கும், ராஜமுந்திரிக்கும் அனுப்பினார்கள். மாநிலப் பிரிவினையில் அந்தச் சிறைகள் கர்நாடகம், கேரளம், ஆந்திரம் போய்விட்டன. “அலிப்புரம் ஜெயில்” என்று தாத்தா சொன்னது நினைவிருந்தும் சென்னைக்கே எழுதிக்கொண்டிருந்தால் ஜென்மத்துக்கும் பதில் வராது.

1972க்குப் பிறகு மத்திய அரசின் தியாகி பென்ஷன் வாங்கியவர், அல்லது கேட்டு மறுக்கப்பட்டவர் என்றால் அந்த விண்ணப்பமே ஒரு புதையல். குறைந்தது ஆறு மாசம் சிறை இருந்திருக்க வேண்டும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் மூன்று மாசம் என்று விதி வைத்திருந்ததால், அதை நிரூபிக்கக் கையில் இருந்த எல்லாவற்றையும் இணைத்திருப்பார்கள். பதிவேடு கிடைக்காதவர்கள், தங்களோடு சிறையிருந்தவரிடம் சான்று வாங்கி வைத்திருப்பார்கள். கூட இருந்தவர் பேர் கிடைத்தால் தேடலுக்கு இன்னொரு கதவு. வீட்டில் நகல் இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள், முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். “அனைத்து விவரமும் தருக” என்று எழுதாமல், இன்ன பேர், இன்ன ஊர், இன்ன வருஷத்து விண்ணப்பத்தின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். பேரன் பேத்திக்குப் பென்ஷன் வருமா என்று கேட்பவர்களுக்கு: வராது.

1973இல் தமிழ்நாடு அரசு தியாகிகள் பட்டியல் ஒன்றை அச்சிட்டது, கன்னிமாரா போன்ற பெரிய நூலகங்களில் தேடலாம். அதில் பேர் இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் தியாகி இல்லை என்று அர்த்தமில்லை, விட்டுப்போன பேர்கள் எவ்வளவோ.

மலேயா, சிங்கப்பூர், பர்மா பக்கம் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்கள் விஷயம் தனி. தோட்டத் தொழிலாளியாகப் போய் 1943க்குப் பிறகு நேதாஜி படையில் சேர்ந்தவருக்கு ஜில்லா கோர்ட்டு வழக்கு எதுவும் இருக்காது. டெல்லியில் இருக்கும் ஐ.என்.ஏ. ஃபைல்களையும், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் வாய்மொழிப் பதிவுகளையும் பாருங்கள். ஜான்சி ராணி படையில் இருந்த தமிழ்ப் பெண்களைத் தேடுகிறவர்களுக்கும் இதேதான்.

பத்திரிகைகளை மறக்க வேண்டாம். சுதேசமித்திரனும் 1934க்குப் பிறகு தினமணியும் மாஜிஸ்திரேட் கோர்ட் தீர்ப்புகளைச் சின்னச் செய்தியாகப் போட்டன. தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்கள் நிறைய, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே புரட்டலாம். தேதி தெரிந்தபிறகு போங்கள், தேதி இல்லாமல் பழைய பேப்பரில் இறங்கினால் விளம்பரங்களைப் படித்துக்கொண்டு சாயங்காலம் ஆகிவிடும்.

கடைசியாகப் படிக்கும் விதம். ஃபைலில் தாத்தா ‘கலகக்காரர்’, அவரோடு வந்தவர்கள் ‘கும்பல்’. போலீஸ் எழுதியது, அப்படித்தான் இருக்கும், கோபப்பட வேண்டாம். தேதி, இடம் இவற்றில் அவர்கள் கறார், நோக்கம் பற்றி எழுதுவதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தடியடியில் எத்தனை பேருக்கு அடி என்பதையும் அப்படியே நம்பாதீர்கள், பத்திரிகையோடு ஒப்பிடுங்கள்.

சில ஃபைல்களில் வேறு மாதிரி அதிர்ச்சி இருக்கும்: மன்னிப்பு எழுதிக் கொடுத்து விடுதலையானார் என்று ஒரு வரி. பல ஊர்களிலும் அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போனது, மனைவிக்குப் பிரசவம், அப்பாவே போய் அதிகாரியிடம் அழுதது என்று காரணம் அடுத்த பக்கத்திலேயே மனுவாக இருக்கலாம், அதையும் சேர்த்துப் படித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். என் கருத்து, அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்து வையுங்கள். அதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் நினைவு மலரில் அச்சடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பின்னால் வேறொருவர் அதே கட்டை எடுத்துப் பார்க்கும்போது மொத்தமும் பொய் என்று ஆகிவிடும்.

நகல் எடுக்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஜி.ஓ. எண், துறை, தேதி மூன்றையும் பென்சிலால் உங்கள் நகலில் எழுதிக்கொள்ளுங்கள், அசல் மேல் கை வைக்காதீர்கள். போனில் படம் எடுக்க அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்னால் பெரிய அத்தை, சித்தப்பா யாராவது இருந்தால் அவர்களிடம் நேரில் படித்துக் காட்டுங்கள். தண்டனைப் பட்டியலில் தாத்தாவுக்கு மேலும் கீழும் இருக்கும் பேர்களைக் கேட்டதும், “அட, இவர் நம்ம கிழக்குத் தெரு ஆளாச்சே” என்று அவர்களுக்குத்தான் தெரியும்.